நவக்கிரக டூர் போதும், இந்த வருஷம் மோர்ட்டனில் இறங்குவோம்

அன்புள்ள கோடைச் சுற்றுலாக் குழுவினருக்கு,

வணக்கம்.

பொங்கல் விழா முடிந்து வாடகைப் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுத்த கையோடு வாட்ஸாப் குழுவில் அந்தக் கேள்வி வந்துவிடும்: "இந்த சம்மருக்கு எங்கே போகலாம்?" பாதிப் பேர் கடற்கரை என்பார்கள். பிள்ளைகள் ராட்டினம் இருக்கிற இடமாகக் கேட்பார்கள். கடைசியில் யாராவது ஒருவர் புல்வெளியும் தேன் நிறக் கல்வீடுமாக ஒரு படத்தைப் போட்டு "காட்ஸ்வோல்ட்ஸ்?" என்பார், இங்கிலாந்தில் குன்றும் பழைய கல்வீட்டுக் கிராமங்களுமாக இருக்கிற பகுதி அது. போன வருஷம் அப்படித்தான் முடிவானது. அதே படம் நேற்று மறுபடியும் வந்திருக்கிறது. அதனால்தான் இந்த மடல். எந்த ஊர்ச் சங்கம் என்று எழுதப்போவதில்லை. இங்கிலாந்தில் எந்த ஊர்த் தமிழர் படித்தாலும் "இது நம்மளைத்தான் சொல்றாங்க" என்று நினைத்துக்கொள்வார்கள், பாதகமில்லை.

போன வருஷம் நடந்ததைக் கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன். ஏழரைக்குக் கிளம்ப வேண்டிய கோச் எட்டே முக்காலுக்குக் கிளம்பியது. பட்டியலில் ஐந்து ஊர். பர்ஃபோர்டில் இறங்கவே இல்லை, சரிவில் இறங்கும் அந்த அழகான தெருவை ஜன்னல் வழியாகப் பார்த்தோம். பைபரியில் நெசவாளர் குடியிருந்த அந்தக் கல்வீட்டு வரிசைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டோம். நெசவாளர் வீடு என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது, சொல்ல நேரமும் இல்லை. போர்ட்டன்-ஆன்-த-வாட்டரில் நாற்பது நிமிஷம். அதில் இருபத்தைந்து நிமிஷம் கழிப்பறை வரிசை. மிச்சத்தில் விண்ட்ரஷ் ஆற்றின் குட்டைப் பாலத்தில் குழுப்படம். பிறகு ஆற்றங்கரைப் புல்லில் ஐம்பது பேர் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தோம். மூவாயிரத்துச் சொச்சம் பேர் வாழ்கிற ஊர் அது. நாயோடு வந்த ஒரு பெண்மணி நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை என்று எனக்குப் பட்டது.

நான் ஆடுதுறைக்காரி. சூரியனார் கோயில் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் தூரம். கும்பகோணத்திலிருந்து ஒரே நாளில் ஒன்பது கிரகத்தையும் சுற்றிக் காட்டுகிற வேன்கள் வரும், பார்த்திருப்பீர்கள். திங்களூரில் ஆரம்பித்து, இருட்டுவதற்குள் திருநள்ளாற்றில் கொண்டுபோய் விடுவார்கள். "சார், இருபது நிமிஷம்தான்!" என்று டிரைவர் கத்துவார். இறங்கி ஓடுகிறவர்கள் சூரியனைப் பார்த்தார்களோ இல்லையோ, திரும்பி வந்து செருப்பைத் தேடுவதில் பத்து நிமிஷம் போய்விடும். சின்ன வயதில் அதைப் பார்த்துச் சிரிப்பது எங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. போன ஆகஸ்டில் கோச்சின் கடைசி வரிசையில், மடியில் ஆறிப்போன பிரியாணியோடு உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது: அந்த வேனுக்குள் இப்போது நான் இருக்கிறேன்.

ஆகவே கேட்பது இதுதான். இந்த வருஷம் ஐந்து ஊர் வேண்டாம். ஒரே ஒரு ஊர். மோர்ட்டன்-இன்-மார்ஷ். அதைச் சுற்றி இருக்கிற தோட்டங்களில் ஒன்றோ இரண்டோ. ஒரு முழு நாள்.

கிளாஸ்டர்ஷயரின் வடகிழக்கு மூலையில் இருக்கிற சந்தை ஊர் அது. ஊருக்கு நடுவிலேயே ரயில் நிலையம். லண்டன் பாடிங்டனில் ஏறினால் ஒன்றரை மணிக்குச் சற்று மேலே, ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து அரை மணியும் கொஞ்சமும். அழகு என்று பார்த்தால் பைபரியின் கால் தூசி பெறாது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. இது படம் பிடிப்பதற்காக வைத்திருக்கிற ஊர் இல்லை. சூப்பர்மார்க்கெட், மருந்துக்கடை, பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் எல்லாம் இருக்கிற ஊர்.

ஊரின் ஹை ஸ்ட்ரீட் அகலத்தைப் பார்த்தாலே காரணம் புரிந்துவிடும். எக்ஸிடரிலிருந்து லிங்கன் வரை ஏறக்குறைய நூல் பிடித்தாற்போல் ரோமானியர் போட்ட ஃபாஸ் வே சாலைதான் இந்தத் தெரு. 1227இல் இந்த ஊருக்குச் சந்தை நடத்தும் உரிமை கிடைத்தது. தெரு அந்தச் சந்தைக்காக விரிந்து கிடக்கிறது. இன்றைக்கும் செவ்வாய்க்கிழமைதான் சந்தை. 'செவ்வாய் வெறுவாய்' என்று நாம் நல்ல காரியத்துக்கு ஒதுக்கி வைக்கிற நாளில்தான் இவர்களுக்கு வியாபாரம். ஒட்டன்சத்திரம் மாதிரி மலை மலையாகக் காய்கறி எதிர்பார்த்துப் போகாதீர்கள். பாலாடைக்கட்டி, காலுறை, துடைப்பம், செடித் தொட்டி என்று கலந்து கட்டி இருக்கும். ஆனால் செடிக்காரரிடம் நின்று இரண்டு வார்த்தை பேசினால் போதும், கத்தரி நாற்றை நம் வீட்டுக் கண்ணாடிக் கூடத்தில் எப்போது வெளியே வைப்பது என்று பத்து நிமிஷம் சொல்வார். நம் சித்தப்பாக்கள் சொல்கிற அதே தோரணையில்.

தெருவோரத்தில் ஒரு பழைய மணிக்கூண்டு நிற்கிறது. மணியில் 1633 என்று வருஷம் பொறித்திருக்கிறது. பனிமூட்டத்தில் வழி தவறிய ஒரு பிரபு இந்த மணிச் சத்தத்தைக் கேட்டு ஊர் வந்து சேர்ந்தாராம், அதற்கு நன்றியாக மணி அடிக்கப் பணம் வைத்துவிட்டுப் போனாராம். நம்மூர்க் கோயில் கட்டளை மாதிரி. ஊர் நடுவே நிற்கிற பெரிய மண்டபம் ரெட்ஸ்டேல் ஹால், 1887இல் கட்டியது. கட்டுவித்தவர் பெயர் மிட்ஃபோர்டு. இந்தப் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த தோட்டத்தில் இவரேதான் வருவார்.

பேட்ஸ்ஃபோர்டு மரத்தோட்டம் ஊரிலிருந்து வயல்வெளி ஒற்றையடிப் பாதையில் இரண்டரைக் கிலோமீட்டர். முட்டி வலிக்காரர்களுக்கு டாக்ஸி உண்டு. மொத்தம் 56 ஏக்கர். அல்ஜெர்னன் மிட்ஃபோர்டு 1860களில் ஜப்பானில் பிரிட்டிஷ் தூதரக வேலையில் இருந்தவர். 1886இல் இந்தச் சொத்து அவர் கைக்கு வந்தது. இருந்த வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டினார், பின்னாலிருந்த மலைச்சரிவில் மூங்கிலும் மேப்பிளும் கீழ்த்திசை மரங்களுமாக வைத்தார். வெண்கலத்தில் ஒரு புத்தர், ஒரு ஜப்பானிய ஓய்வுக் குடில், செயற்கையாக ஓட விட்ட ஓடை. மே மாதக் கடைசியில் கைக்குட்டை மரம் பூக்கும். பூவைச் சுற்றிய வெள்ளை இலைகள் இரண்டு இரண்டாகத் தொங்கும். சலவைக்காரர் வீட்டுக் கொடியில் காயப்போட்ட மாதிரி மரம் முழுக்க வெள்ளை. ஜப்பானியச் செர்ரி மரங்களைப் பார்க்க வேண்டுமானால் ஏப்ரலில் வர வேண்டும், மேப்பிள் சிவப்பைப் பார்க்க அக்டோபரில். நாம் என்னவோ எப்போதும் ஆகஸ்டிலேயே வருகிறோம். ஆகஸ்டில் பச்சைதான், நிழல்தான். அதுவும் குறைவில்லை.

1919இல் மிட்ஃபோர்டு குடும்பம் இதை விற்றது. வாங்கியவர் கில்பர்ட் வில்ஸ். நம்மூர்ப் பெட்டிக்கடையில் தொங்கிய வில்ஸ் சிகரெட் அட்டை நினைவிருக்கிறதா, அந்த வில்ஸ் குடும்பம்தான். என் அப்பா ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் ஊதினார். இந்த மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றியதில் எங்கள் வீட்டுக் காசும் கொஞ்சம் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். பக்கத்திலேயே பருந்து, கழுகு, ஆந்தை வைத்துப் பறக்கவிட்டுக் காட்டுகிற இடம் ஒன்று இருக்கிறது. மரம் பார்த்து அலுத்த பிள்ளைகளை அங்கே தள்ளிவிடலாம்.

இனி நான் உண்மையில் எழுத வந்த இடத்துக்கு வருகிறேன். சீசின்கோட்.

மோர்ட்டனிலிருந்து மேற்கே ஏ44 சாலையில் போனால் இடப்பக்கம் ஒரு வாசல். உள்ளே ஓக் மரங்களுக்கு நடுவே நீண்ட பாதை, ஆடு மேய்கிற வெளி. எல்லாம் வழக்கமான இங்கிலாந்து. திரும்பினால் வீட்டு உச்சியில் வெங்காயம் போல் ஒரு செப்புக் குவிமாடம், பச்சைக் களிம்பேறி நிற்கிறது. மூலைக்கு மூலை சின்னச் சின்ன மண்டபக் கூம்புகள். ஜன்னல்களுக்கு மேலே மயில் தோகை விரித்த மாதிரி வளைவு. ஆக்ராவில் பார்த்த மாதிரியான அகன்ற கல் இறவாரம். சுற்றிலும் இங்கிலாந்தின் மழை.

1795இல் வங்காளத்திலிருந்து திரும்பிய கர்னல் ஜான் காக்கரெல் இந்த நிலத்தை வாங்கினார். மூன்று வருஷத்தில் அவர் போய்விட, தம்பி சார்ல்ஸ் காக்கரெலுக்கு வந்தது. சார்ல்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் போய், கல்கத்தாவில் வியாபாரமும் பணப் பட்டுவாடாவும் பார்க்கிற ஏஜென்ஸி ஹவுஸ் நடத்திப் பணம் சேர்த்தவர். அப்படித் திரும்பி வந்தவர்களை அந்தக் காலத்தில் இங்கே 'நபாப்' என்று கேலியாகச் சொல்வார்கள், நவாப் என்ற சொல்தான். 1805 வாக்கில் வீடு எழ ஆரம்பித்தது. கட்டடக் கலைஞர் இன்னொரு சகோதரர் சாமுவேல் பெப்பீஸ் காக்கரெல். அவர் இந்தியா பக்கமே போனவர் இல்லை. போனவர் ஒருவர் பக்கத்திலிருந்து கை கொடுத்தார்: ஓவியர் தாமஸ் டேனியல். தோட்டத்துக் கோயிலும் பாலமும் அவர் யோசனை.

டேனியலும் அவர் அண்ணன் மகன் வில்லியமும் 1792, 1793 வருஷங்களில் நம்மூர் முழுக்கச் சுற்றியவர்கள். மதுரை, பாபநாசம் அருவி, தஞ்சாவூர், திருச்சி மலைக்கோட்டை, மாமல்லபுரம் என்று வரைந்து தள்ளினார்கள். லண்டன் திரும்பி 144 படங்களாக அச்சிட்டார்கள். தஞ்சைப் பெரிய கோயிலை இங்கிலாந்துப் பணக்காரர்கள் முதலில் பார்த்தது பெரும்பாலும் இவர்கள் கண் வழியாகத்தான். அதற்காக சீசின்கோட்டில் கோபுரத்தைத் தேடாதீர்கள், ஏமாந்துபோவீர்கள். வீடு முழுக்க வடநாட்டு முகலாயச் சாயல், பாலத்துத் தூண்கள் பம்பாய்க்குப் பக்கத்து எலிபெண்டா குகைத் தூண்களைப் பார்த்துச் செய்தவை. உள்ளே போனால் அறைகள் எல்லாம் கிரேக்க பாணி. வெளியே இந்தியச் சட்டை, உள்ளே வெள்ளைக்கார பனியன் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

போன ஜூனில் ஒரு வெள்ளிக்கிழமை ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியாரை அழைத்துப் போனேன். வீட்டைப் பார்த்து அவர் அசரவில்லை. "நம்ம ஊர்ல கல்யாண மண்டபம் இப்படித்தான் கட்றாங்க" என்றார். தோட்டத்துப் பக்கம் இறங்கியதும் நடை மெதுவானது. சரிவில் ஒரு ஓடை, குளத்துக்குக் குளம் தாவி இறங்குகிறது. இரண்டு கரையிலும் பெரிய பெரிய இலை, ப்ரிமுலாப் பூக்கள் அடுக்கடுக்காக. ஓடைக்குக் குறுக்கே பாலம், பாலத்துக் கைப்பிடிச் சுவர்மேல் நந்தி. காலை மடித்துப் படுத்து, திமில் தூக்கி, நம்ம நந்தியேதான்.

"ஏம்மா, நந்தி இங்க என்ன பண்ணுது?"

"உக்காந்திருக்கு, அத்தை."

"எதிர்ல யாரும் இல்லையே."

எதிரே கர்ப்பக்கிருகம் இல்லை. ஓடையும் பச்சையும்தான். அவர் நந்தியின் முதுகைத் தடவினார். நான் 'தொடாதீர்கள்' என்று எழுதியிருக்கிறதா என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். பாலத்துக்கு அடியில் தண்ணீருக்கு நடுவே கல் போட்டிருக்கிறார்கள், தாண்டித் தாண்டிப் போகலாம். அவர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் போய்விட்டார்.

ஓடையின் மேல் முனையில் ஒரு குளம், குளத்தங்கரையில் சின்னக் கோயில். உள்ளே சூரியன். சூரியனார் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்துக்காரிகள் இரண்டு பேர், மழை நின்ற பதினைந்தாவது நிமிஷத்தில், இங்கிலாந்துச் சரிவில் சூரியனுக்கு முன்னால். மாமியார் செருப்பைக் கழற்றினார். ஈரப்புல். காலுறை நனைந்துவிடும் என்று சொல்லப் போனேன், வாய் வரவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கேட்டார்:

"விளக்கு யாரு ஏத்துறாங்க?"

"யாரும் ஏத்துறது இல்ல அத்தை. பூஜைக்குக் கட்டினது இல்ல. சும்மா பார்க்கிறதுக்குக் கட்டினது."

"பார்க்கிறதுக்கா?" கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி. நான் அவரைப் பார்த்தாச்சு. அவரும் என்னைப் பார்த்தாச்சு."

கீழே இன்னொரு குளத்தில் மரத்தண்டைச் சுற்றிய பாம்பு ஒன்று தண்ணீர் பீய்ச்சுகிறது. தலையை எண்ணினார். மூன்று. "அஞ்சு இருக்கணும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு நகர்ந்தார். வளைந்த கண்ணாடிக் கூடத்தில் தேநீரும் கேக்கும் வாங்கினோம். நனைந்த காலுறையை ரேடியேட்டர் தேடிக் காயவைக்கப் பார்த்தார், நான்தான் தடுத்தேன்.

இந்தத் தோட்டத்தை இன்றைய நிலைக்குக் கொண்டு வந்தவர்கள் 1944இல் வாங்கிய கிளெய்ன்வொர்ட் குடும்பத்தார். அன்று பாழடைந்து கிடந்திருக்கிறது. பிற்பாடு அந்த வீட்டு அம்மாள் இந்தியா போய்விட்டு வந்து, வீட்டுக்குத் தெற்கே முகலாயத் தோட்டம் மாதிரி நேர்வாய்க்கால் வெட்டி இரண்டு பக்கமும் நெடுநெடுவென்று யூ மரங்களை நிறுத்தினார். ஆக, இருநூறு வருஷக் கனவு என்று சொல்கிற தோட்டத்தில் ஒரு பகுதி 1960களில் செய்தது. அழகில் குறைவில்லை.

இன்னொன்று. நாம் வருஷா வருஷம் பிரைட்டன் கடலுக்குப் போகிறபோது அந்த அரண்மனைக் குவிமாடங்களுக்கு முன்னால் வரிசை கட்டிப் படம் எடுப்போமே, அதற்கு விதை சீசின்கோட்தான். பிற்பாடு நான்காம் ஜார்ஜ் மன்னரான இளவரசர் 1807இல் இங்கே வந்து பார்த்து மயங்கினார். 1815இல் அவருக்காகக் கட்டடக் கலைஞர் ஜான் நாஷ் பிரைட்டன் அரண்மனையை மாற்றிக் கட்ட ஆரம்பித்தார். முதல் உலகப் போரில் அதே அரண்மனை காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரியாக இருந்தது. பிரைட்டன் டூரில் இதை யாராவது மைக்கில் சொன்னார்களா? எனக்கு நினைவில்லை. அந்தாக்ஷரி நடந்தது நினைவிருக்கிறது.

மோர்ட்டனுக்குத் தென்கிழக்கே சில மைலில் டேல்ஸ்ஃபோர்டு. இன்றைக்கு அங்கே விலையுயர்ந்த பண்ணைக் கடைக்காக ஜனங்கள் போகிறார்கள். தக்காளி விலையைப் பார்த்தால் நமக்கு மயக்கம் வரும். ஆனால் தேவாலய முற்றத்தில் வாரன் ஹேஸ்டிங்ஸ் புதைந்திருக்கிறார். நம் பள்ளிக்கூடச் சரித்திரப் பாடத்தில் வருகிற அதே கவர்னர் ஜெனரல். வங்காளத்துக்குப் போவதற்கு முன் 1769 முதல் 1772 வரை சென்னப்பட்டணத்துக் கவுன்சிலில் இருந்தவர். தாத்தா காலத்துச் சொத்தை மீட்டு வாங்க வேண்டும் என்பது அவர் சின்ன வயது வைராக்கியம். 1788இல் வாங்கினார். அதே 1788இல்தான் பாராளுமன்றத்தில் அவர்மேல் விசாரணை தொடங்கியது. காசி ராஜா சேத் சிங்கைப் பணம் கேட்டு நெருக்கியது, அயோத்தி பேகம்களின் செல்வத்தில் கை வைத்தது என்று குற்றச்சாட்டுகள். ஏழு வருஷம் இழுத்து 1795இல் விடுதலை. வழக்குச் செலவு ஒரு பக்கம் கரைக்க, இன்னொரு பக்கம் வீடு எழுந்தது. கட்டியவர் அதே சாமுவேல் பெப்பீஸ் காக்கரெல். அங்கேயே 1818இல் இறந்தார். வீட்டுக்குள் பொதுமக்களை விடுவதில்லை. கல்லறையைப் பார்க்கலாம். நான் பார்த்தபோது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணின பெயர் கல்லில் இருக்கிறதே என்ற விநோதம் மட்டும்.

பிள்ளைகளிடம் இதை எப்படிச் சொல்வது என்று கேட்பீர்கள். "பாத்தியா, நம்ம கலாச்சாரம்!" என்று நெஞ்சை நிமிர்த்தினால் பேச்சு ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். "எல்லாம் கொள்ளையடிச்சது" என்றாலும் அப்படியே. போன ஜூனில் சீசின்கோட்டைப் பார்த்துவிட்டு என் பெண் கேட்டாள்: "அந்த மாமா இந்த வீடு கட்டற அளவுக்குப் பணம் எப்படி சேர்த்தார்? அங்க அவருக்கு என்ன வேலை?" எனக்குத் தெரிந்ததை வண்டியில் வீடு வருகிற வரை சொன்னேன். கம்பெனி உத்தியோகஸ்தர்கள் தங்கள் சம்பாத்தியத்தை இங்கே அனுப்ப வழி தேடியது, அதற்கு இடையில் நின்று கமிஷன் பார்த்த ஏஜென்ஸி ஹவுஸ்கள், 1770 பஞ்சத்தில் வங்காளம் செத்துக்கொண்டிருந்தபோதும் கம்பெனி நிலவரி வசூலை விடாதது எல்லாம். பாதியில் தூங்கிவிட்டாள். மறுநாள் காலை விட்ட இடத்திலிருந்து கேட்டாள்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சேஸ்டில்டன் வீடு 1607க்கும் 1612க்கும் இடையில் கட்டியது. கம்பளி வியாபாரத்தில் தலையெடுத்த குடும்பம். நாலு நூற்றாண்டு அதே வம்சம் இருந்து, பணம் வற்றி வற்றி, 1991இல் பழைய வீடுகளையும் தோட்டங்களையும் காக்கிற நேஷனல் டிரஸ்ட் கைக்குப் போனது. டிரஸ்ட் அதைப் பளபளக்க வைக்கவில்லை. கிழிந்த திரை கிழிந்தபடி, மங்கின சுவர் மங்கினபடி, இனிமேல் மோசமாகாமல் மட்டும் பார்த்துக்கொள்கிறார்கள். கும்பகோணம் பக்கத்தில் பூட்டிக் கிடக்கிற நாலு கட்டு வீடுகளை நினைத்துக்கொண்டே நடந்தேன். நாம் ஒன்று இடிப்போம், இல்லாவிட்டால் ஹோட்டல் ஆக்குவோம். இப்படி மூன்றாவது வழி ஒன்று இருப்பது அங்கேதான் தெரிந்தது. மரச் சுத்தியலால் பந்தைத் தட்டுகிற குரோக்கே விளையாட்டுக்கு விதிகளைத் தொகுத்து எழுதியவர்களில் ஒருவர் இந்த வம்சத்துக்காரர்தான், புல்தரையில் இன்றும் ஆடுகிறார்கள்.

ஹிட்கோட், கிஃப்ட்ஸ்கேட் இரண்டும் வடக்கே கொஞ்சம் தள்ளி, எதிரும் புதிருமாக இருக்கிற தோட்டங்கள். ஹிட்கோட்டில் லாரன்ஸ் ஜான்ஸ்டன் 1907 முதல் வேலி மரங்களைச் சுவராக்கி, தோட்டத்தை அறை அறையாகப் பிரித்தார். 1948இல் டிரஸ்டுக்கு வந்தது. கிஃப்ட்ஸ்கேட்டைப் பாட்டி, மகள், பேத்தி என்று மூன்று தலைமுறைப் பெண்கள் வளர்த்தார்கள். அங்கே ஒரு ரோஜாக் கொடி மரத்தின் உச்சி வரை ஏறி ஜூலையில் வெள்ளை வெளேரென்று கொட்டும். தோட்டப் பைத்தியங்களுக்குச் சொர்க்கம். ஆனால் ஐம்பது பேர் கூட்டமாகப் போகிற இடமில்லை என்பது என் அபிப்பிராயம். அவரவர் குடும்பமாகப் போங்கள்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். சீசின்கோட் தோட்டம் வாரத்தில் சில பிற்பகல்கள் மட்டும்தான் திறக்கும், சனி ஞாயிறு பொதுவாக இல்லை. நம் சுற்றுலாவோ எப்போதும் சனிக்கிழமை. அதனால் தேதியை பேங்க் ஹாலிடே திங்கள்கிழமைக்கு மாற்றுங்கள், திறந்திருக்கிறதா என்று முதலிலேயே எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள். கோச் வருவதானால் அதையும் கேட்க வேண்டும், அந்தப் பாதை குறுகல். என்னைக் கேட்டால் கோச்சே வேண்டாம். மூன்று முதல் ஒன்பது பெரியவர்கள் வரை சேர்ந்து நெரிசல் இல்லாத நேரத்து ரயிலில் போனால் டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி உண்டு. எட்டு எட்டுப் பேராகப் பிரித்தால் யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். செல்வி அக்கா மாத்திரையை மறந்துவிட்டார் என்று ஒரு கோச்சே திரும்பிப் போகவும் வேண்டாம்.

சாப்பாடு. பிரியாணிக்கு நான் விரோதி இல்லை. காலையில் மோர்ட்டனில் இறங்கி, நிதானமாகச் சாப்பிட்டு, பொட்டலத்தை அங்கேயே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு தோட்டத்துக்குப் போவோம். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் என்றால் இன்னும் வசதி, எலும்பு போட இடம் தேட வேண்டாம். புளூடூத் ஸ்பீக்கர் வீட்டிலேயே இருக்கட்டும்.

அப்புறம், சொல்லக் கூச்சமாக இருக்கிறது, சொல்லித்தான் ஆக வேண்டும். போன வருஷம் ஒரு தோட்டத்தில் நம் ஆட்கள் இரண்டு பேர் கிளை ஒடித்து ஈரத் துணியில் சுற்றிப் பையில் போட்டதை நான் பார்த்தேன். ஊரில் எதிர்வீட்டுச் செம்பருத்தியில் ஒரு குச்சி ஒடிப்பது போல இது இல்லை. இங்கே பல தோட்டங்களில் வாசலிலேயே அதே செடியை நாற்றாக விற்கிறார்கள். ஐந்து பவுண்டோ பத்து பவுண்டோ, சங்கக் கணக்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள், நான் ஆட்சேபிக்க மாட்டேன்.

மைக் ஒருவரிடம் கொடுத்தே தீர வேண்டும் என்றால், இந்த முறை கதை சொல்லத் தெரிந்த யாரிடமாவது கொடுங்கள். சரித்திர ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்கள் நம்மில் மூன்று பேராவது இருக்கிறார்கள். வருஷா வருஷம் அவர்களை முன்வரிசையில் உட்கார வைத்துச் சால்வை போர்த்துகிறோம். ஒரு தடவை பேச விட்டுப் பார்க்கலாமே.

தேதி முடிவானதும் எனக்கு ஒரு வரி போடுங்கள். தோட்டத்துக்குக் கடிதம் எழுதுகிற வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். மாமியார் இந்த வருஷமும் மே மாதம் வருகிறார், செப்டம்பர் வரை இருப்பார். சூரியன் கோயிலுக்கு மறுபடி போகிறோம் என்று போனில் சொன்னதும், ஒரு சின்ன அகலும் தீப்பெட்டியும் எடுத்து வரட்டுமா என்று கேட்டார். கூடாது என்று சொல்லியிருக்கிறேன். விமான நிலையத்தில் அவர் பையை ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
போன வருஷம் கடைசி வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள்